ரஷ், டாஷ், டார்ட், போல்ட்: விரைவைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் போட்டித் தேர்வுக்காகவும் வேலைக்காகவும் ஆங்கிலம் பயில்வோர் இச்சொற்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் நம் ஊர்களிலிருந்தே எடுக்கப்பட்டவை.

அகராதியில் எல்லாச் சொற்களுக்கும் ‘விரைந்து செல்’ என்றே பொருள் இருக்கிறது. உண்மையில் இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டா?

உண்டு. ஆனால் அந்த வேறுபாடு வேகத்தின் அளவில் இல்லை. ‘ரஷ்’ என்பதைவிட ‘டாஷ்’ வேகமானதா, ‘டாஷ்’ என்பதைவிட ‘போல்ட்’ வேகமானதா என்று வரிசைப்படுத்தச் சிலர் முயல்கிறார்கள். சில வழிகாட்டி நூல்கள் அப்படி அட்டவணையே போட்டுக் கொடுக்கின்றன. அந்த அட்டவணையை மனப்பாடம் செய்வதால் பயன் ஏதும் விளையாது. ஓடுபவர் ஏன் ஓடுகிறார், எவ்வளவு தூரம் ஓடுகிறார், நேராக ஓடுகிறாரா வளைந்து நெளிந்து ஓடுகிறாரா, அவருடைய உடலும் காலடியும் எப்படிப்பட்டவை என்பனவற்றையே இச்சொற்கள் பிரித்துக் காட்டுகின்றன.

தமிழுக்கு இது புதிதன்று. குடுகுடுவென ஓடுவதும், விருட்டென ஓடுவதும், தலைதெறிக்க ஓடுவதும், விழுந்தடித்துக்கொண்டு ஓடுவதும் ஒன்றாகா என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நாம் ‘ஓடு’ என்னும் வினையை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டத்தின் தன்மையை இரட்டைக்கிளவியாலோ வினையெச்சத்தாலோ சொல்கிறோம். ஆங்கிலமோ அந்தத் தன்மையை வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. மாறாக, திசையை நாம் வினையில் வைக்கிறோம்: நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட என்று. ஆங்கிலம் அதை ‘இன்டூ’, ‘அவுட்’, ‘அப்’, ‘டவுன்’, ‘அக்ராஸ்’ போன்ற சிறு சொற்களிடம் விட்டுவிடுகிறது. உலக மொழிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்திய மொழியியலாளர் லெனார்ட் டால்மியின் 1985ஆம் ஆண்டு ஆய்வு இத்துறையில் இன்றும் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. ‘ஓடி உள்ளே நுழைந்தான்’ என்று தமிழில் நினைப்பவர் ஆங்கிலத்தில் நுழைதலுக்குரிய ‘என்டர்’ என்னும் சொல்லைத் தேடி, அதனுடன் ‘பை ரன்னிங்’ என்று ஒட்டவைப்பதற்குக் காரணம் இதுதான். ‘ரன்’ என்பதை வினையாக வைத்து, ‘இன்’ என்று முடித்தால் போதும்.

‘ஹர்ரி’, ‘ரஷ்’ இரண்டும் அவசரத்தைத்தானே குறிக்கின்றன?

‘ஹர்ரி’ என்பதில் இருப்பது நேர நெருக்கடி மட்டுமே. காரைக்குடியிலிருந்து அதிகாலையில் சென்னை எழும்பூருக்குப் புறப்படும் பல்லவன் விரைவு வண்டியைப் பிடிக்க ஒருவர் நடையை எட்டிப் போடுகிறார் என்றால், அவர் ஓடாவிட்டாலும் ‘ஹர்ரி’ பொருந்தும். அமர்ந்த இடத்திலிருந்தே ஒரு வேலையைச் சீக்கிரம் முடிக்கும்போதும் அச்சொல்லைப் பயன்படுத்தலாம், ஏனெனில் இடப்பெயர்ச்சி அதற்குக் கட்டாயம் இல்லை. ‘ஹர்ரி அப்’ என்று ஆத்தா பிள்ளையை விரட்டும்போது பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

‘ரஷ்’ என்பதில் நெருக்கடி கூடுகிறது, நிதானம் குறைகிறது. செய்யும் வேலையோடு சேர்ந்தால் கவனக்குறைவு என்னும் நிழலும் அதன்மேல் விழுகிறது. தேர்வுத்தாளை ‘ஹர்ரி’ செய்து எழுதியவர் நேரத்துக்குள் முடித்திருப்பார். ‘ரஷ்’ செய்து எழுதியவர் பிழைகளோடு முடித்திருப்பார். தமிழில் ‘அரக்கப்பரக்க’ என்பது இதற்கு மிக அருகில் வருகிறது. திருமண வீட்டில் இலை போட்ட பிறகு சாம்பார் வாளியோடு அங்குமிங்கும் ஓடுபவருக்கு ‘ரஷ்’ சரியாகப் பொருந்தும்.

‘ரஷ்’ செயப்படுபொருளையும் ஏற்கும் என்பதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். ‘மயங்கி விழுந்த ஆச்சியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள்’ என்பதை ஆங்கிலச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஆச்சி மருத்துவமனைக்கு ‘ரஷ்’ செய்யப்பட்டார் என்னும் வடிவத்தில்தான் எழுதும். அங்கே கவனக்குறைவு என்னும் பொருள் துளியும் இல்லை. ‘டோன்ட் ரஷ் மீ’ என்று ஒருவர் சொன்னால், தன்னை விரட்ட வேண்டாம் என்கிறார்.

‘பஸ் ரஷ்ஷாக இருக்கிறது’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

சொல்ல முடியாது. ‘ரஷ்’ தமிழுக்கு வந்தபோது ‘கூட்டம்’ என்னும் பொருளை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘ரஷ் அவர்’ என்னும் தொடரிலிருந்து அது வந்திருக்கக்கூடும். ஆங்கிலத்தில் நெரிசலான பேருந்து ‘க்ரௌடட்’ ஆகும். ‘தி பஸ் இஸ் ரஷ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் கேட்பவருக்குப் பொருள் விளங்காது. தமிழில் பேசும்போது தாராளமாக ‘ரஷ்’ என்று சொல்லிக்கொள்ளலாம். தமிழ் பேசுபவர் அனைவருக்கும் அது புரியும்.

‘டாஷ்’ என்றால் மோதுவதா, ஓடுவதா?

இரண்டும்தான், ஆனால் இன்றைய பொது ஆங்கிலத்தில் ஓடுவதே முதன்மையான பொருள். அச்சொல்லின் பழைய பொருள் ஓங்கி அடித்தல், மோதி நொறுக்குதல் என்பதாகும். பாறையில் அலை மோதுவதற்கும், நம்பிக்கை தகர்ந்துபோவதற்கும் இன்றும் ‘டாஷ்’ பயன்படுவது அந்தப் பழைய பொருளின் தொடர்ச்சியே. காரின் முன்புறத்தில் உள்ள டாஷ்போர்டும் அங்கிருந்து வந்ததுதான்: குதிரை வண்டிக் காலத்தில், குளம்படியில் தெறித்து வந்து மோதும் சேற்றை வண்டியோட்டியின் மேல் படாமல் தடுப்பதற்காக முன்னால் வைக்கப்பட்ட பலகைக்கு அந்தப் பெயர் ஏற்பட்டது. வண்டி மாறிய பிறகும் பெயர் தங்கிவிட்டது.

‘லாரி பைக்கை டாஷ் பண்ணிவிட்டது’ என்று நாம் சொல்வதும், இந்திய நாளிதழ்களும் காவல்துறை ஆவணங்களும் ‘டாஷ்ட் அகெய்ன்ஸ்ட்’ என்று எழுதுவதும் அந்த அடித்தல் பொருளைத்தான் பயன்படுத்துகின்றன. இதைப் பிழை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிய வழக்கு. ஆயினும் பிற நாட்டினர் படிக்கும் கடிதத்திலோ காப்பீட்டு விண்ணப்பத்திலோ ‘ஹிட்’ அல்லது ‘கொலைட்’ என்று எழுதுவதே பாதுகாப்பானது, ஏனெனில் ‘டாஷ்’ என்று படிக்கும் வெளிநாட்டவர் லாரி எங்கோ அவசரமாக ஓடியது என்று எண்ணிக்கொள்ளக்கூடும்.

ஓடுதல் என்னும் பொருளில், ‘டாஷ்’ குறுகிய தூரத்தையும் தெளிவான இலக்கையும் குறிக்கும். மழை பிடித்துக்கொண்டது, கொடியில் வற்றல் காய்கிறது, ஒருவர் எழுந்து ஓடி அதை அள்ளிக்கொண்டு வருகிறார், அது ‘டாஷ்’. காரைக்குடியிலிருந்து மதுரை வரை காரில் வேகமாகப் போனதைச் சொல்ல அச்சொல் அவ்வளவாகப் பொருந்தாது. ஒரு கடிதத்தை மளமளவென எழுதி முடிப்பதற்கு ‘டாஷ் ஆஃப்’ என்னும் தொடரும் உண்டு. சமையல் குறிப்பில் வரும் ‘எ டாஷ் ஆஃப் சால்ட்’ என்பதற்கு ஓட்டத்தோடு தொடர்பில்லை. சிறிதளவு உப்பு என்பதே அதன் பொருள்.

அப்படியானால் ‘டாஷ்’ எங்கே முடிந்து ‘டார்ட்’ எங்கே தொடங்குகிறது?

இதுவே அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. ‘டார்ட்’ என்பது முதலில் எறியும் சிற்றீட்டியின் பெயர். கையை விட்ட கணத்தில் நேர்கோட்டில் பாயும் அந்த ஈட்டியின் இயல்பு வினைச்சொல்லிலும் அப்படியே இருக்கிறது: எதிர்பாராத தொடக்கம், மிகக் குறுகிய பாய்ச்சல், உடனே ஒரு நிறுத்தம், பிறகு வேறு திசையில் இன்னொரு பாய்ச்சல்.

செட்டிநாட்டு வீட்டை மனத்தில் கொண்டால் வேறுபாடு தெளிவாகும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்றும் உள்ளன. தொலைபேசி முகப்பில் ஒலிக்கிறது. அடுப்படியில் இருந்தவர் வளவைக் கடந்து நேராக ஓடி வந்து எடுக்கிறார். அவர் செய்தது ‘டாஷ்’. அதே வளவில் நிலா முற்றத்தூண்களுக்கிடையே அணில் ஒன்று ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் பாய்ந்து, நின்று, மீண்டும் பாய்கிறது. அது ‘டார்ட்’. ஊருணித் தண்ணீரின் மேல் தும்பி பறக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு இச்சொல்லை வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கண்ணுக்கும் இச்சொல் பொருந்தும். விலை கேட்கும் வியாபாரியின் கண்கள் பொருளிலிருந்து முகத்துக்கும் முகத்திலிருந்து பொருளுக்கும் மாறி மாறிப் பாய்வதை ‘டார்ட்’ என்பார்கள். கண்கள் ஒருபோதும் ‘டாஷ்’ செய்வதில்லை. இன்னொன்று: ‘டாஷ்’ செய்பவரின் இலக்கு நமக்குத் தெரியும், ‘டார்ட்’ செய்வது எங்கே போகப் போகிறது என்பது பெரும்பாலும் தெரியாது.

‘போல்ட்’ என்பது தாழ்ப்பாள் அல்லவா? அது எப்படி ஓடும்?

குறுக்குவில்லில் வைத்து எய்யும் குட்டையான அம்புக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘போல்ட்’ என்று பெயர். அந்த அம்பின் உருவத்தைக் கொண்ட இரும்புக் கம்பி தாழ்ப்பாளாகவும், நட்டோடு சேரும் போல்ட்டாகவும் ஆயிற்று. அந்த அம்பின் பாய்ச்சல் ஓடுதல் என்னும் வினையாயிற்று. இதனால் ஒரே சொல் அசையாமல் இறுக்குவதையும் பிய்த்துக்கொண்டு ஓடுவதையும் குறிக்கும் விந்தை நேர்ந்தது. குதிரை ‘போல்ட்’ செய்த பிறகு லாயத்தின் கதவை ‘போல்ட்’ செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஓடுதல் என்னும் பொருளில் அச்சொல் அச்சத்தையோ தப்பிக்கும் நோக்கத்தையோ உள்ளடக்கியது. கட்டுக்குள் இருந்த ஒன்று திடீரெனக் கட்டை மீறி ஓடுவதே ‘போல்ட்’. தை மாதத்தில் சிராவயலில் நடைபெறும் மஞ்சுவிரட்டில் காளைகள் திறந்த பொட்டலிலும் அவிழ்த்துவிடப்படுவதை நம் பகுதியினர் அறிவர். அங்கே கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே, மேளச் சத்தத்தில் மிரண்டு, பிடித்திருப்பவரின் கையை உதறிக்கொண்டு வயல்வெளியை நோக்கி ஓடும் காளை ‘போல்ட்’ செய்கிறது. அவிழ்த்த பின் தலையைத் தாழ்த்தி, கொம்பை முன்னிறுத்தி ஆட்களை நோக்கிப் பாயும் காளை ‘சார்ஜ்’ செய்கிறது. முதலாவது ஒன்றிலிருந்து விலகி ஓடுவது. இரண்டாவது ஒன்றை நோக்கி ஓடுவது. இரண்டையும் ‘ரஷ்’ என்று எழுதினால் இலக்கணப்படி தவறில்லை, ஆனால் பார்த்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார்.

‘சார்ஜ்’ என்னும் சொல் காவல்துறையோடு சேர்ந்து ‘லத்தி சார்ஜ்’ என்று தமிழ்ச் செய்திகளில் புழங்குகிறதே, அதிலும் இதே தாக்கிப் பாயும் பொருள்தான் இருக்கிறது.

உணவை மெல்லாமல் விழுங்குவதற்கும் ‘போல்ட்’ என்பார்கள். வீட்டுத் தோட்டம் வைத்திருப்போருக்கு இன்னொரு பொருளும் உதவும்: வெயில் ஏறியதும் கொத்தமல்லி இலை தழைப்பதை விட்டுவிட்டுத் தண்டை நீட்டிப் பூவெடுத்துவிடுவதும் ஆங்கிலத்தில் ‘போல்ட்’ தான். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்டின் பெயருக்கும் இவ்வினைக்கும் தொடர்பு உண்டா என்று வகுப்புதோறும் ஒருவராவது கேட்கிறார். அது அவருடைய குடும்பப் பெயர். அவர் ஓடியதற்குரிய வினை ‘ஸ்பிரின்ட்’.

‘ஸ்டாம்பீட்’ என்பதைக் ‘கூட்ட நெரிசல்’ என்று மொழிபெயர்ப்பது சரியா?

பெரும்பாலும் சரியன்று. ‘ஸ்டாம்பீட்’ என்பது மெக்சிகோவின் ஸ்பானிய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். மிரண்ட மாட்டு மந்தை ஒட்டுமொத்தமாகத் தறிகெட்டு ஓடுவதே அதன் முதற்பொருள். அதில் ஓட்டம் இருந்தாக வேண்டும். திருவிழாக்களிலும் கூட்டங்களிலும் நேரும் பல விபத்துகளில் மக்கள் ஓடுவதற்கு இடமே இருப்பதில்லை. நின்ற நிலையிலேயே நசுங்கி மூச்சுத் திணறுகிறார்கள். அதற்குரிய ஆங்கிலத் தொடர் ‘க்ரௌட் க்ரஷ்’ என்பதாகும். ‘ஸ்டாம்பீட்’ என்று எழுதும்போது, மக்கள் மிரண்டு ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டார்கள் என்று பழி அவர்கள்மேலேயே விழுகிறது. ‘க்ரஷ்’ என்று எழுதும்போது இடம் போதாமல் அத்தனை பேரை உள்ளே விட்டது யார் என்னும் கேள்வி எழுகிறது. ஒரு வினைச்சொல்லின் தேர்வு பொறுப்பை இடம் மாற்றிவிடும் இந்த இடத்தில் செய்தி எழுதுவோர் கூடுதல் கவனம் கொள்வது நல்லது. தமிழின் ‘நெரிசல்’ இதில் ஆங்கிலத்தின் ‘ஸ்டாம்பீட்’டைவிடச் சரியான சொல் என்பது என் கருத்து.

‘ஸ்பிரின்ட்’, ‘ரேஸ்’ இரண்டும் பந்தயச் சொற்களா?

‘ஸ்பிரின்ட்’ என்பது குறுகிய தூரத்தை உடலின் முழு ஆற்றலையும் செலுத்தி ஓடுவது. தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் இவ்வகையில் அடங்கும். பந்தயம் இல்லாத இடத்திலும் அச்சொல் வரும், ஆனால் முழு ஆற்றல் என்பது மாறாது. நகரத் தொடங்கிவிட்ட பேருந்தின் பின்னால் உயிரைக் கொடுத்து ஓடுபவர் ‘ஸ்பிரின்ட்’ செய்கிறார்.

‘ரேஸ்’ என்பதற்குப் போட்டியாளர் ஒருவர் வேண்டும். நம் பகுதி மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகளை விடுகிறார்களே, அது ‘ரேஸ்’. எதிரில் ஆள் இல்லாதபோது காலமே போட்டியாளராக நிற்கும்: அலுவலகம் மூடுவதற்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க ஓடுவது காலத்துக்கு எதிரான ‘ரேஸ்’. படபடக்கும் நெஞ்சுக்கும், அடங்காமல் ஓடும் எண்ணத்துக்கும்கூட ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்றே சொல்வார்கள். பந்தயமே இல்லாமல் சாலையில் கண்மண் தெரியாமல் பைக் ஓட்டும் இளைஞரைப் பற்றி நாம் ‘ரேஸ் ஓட்டுகிறான்’ என்று சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஸ்பீடிங்’ என்று சொல்ல வேண்டும்.

‘ஸ்கர்ரி’, ‘ஸ்கேம்பர்’, ‘ஸ்கட்டில்’ ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

மூன்றும் சிறு காலடிகளுக்கு உரியவை. ஆச்சியின் குரல் கேட்டதும் அடுப்படி மூலையில் மறையும் சுண்டெலி ‘ஸ்கர்ரி’ செய்கிறது. அதில் ஒருவகைப் பதற்றமும் ஒளிந்துகொள்ளும் எண்ணமும் உண்டு. மதிய மணி அடித்ததும் பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள் ‘ஸ்கேம்பர்’ செய்கிறார்கள். அதில் மகிழ்ச்சியும் விளையாட்டும் உண்டு. நண்டும் கரப்பானும் ‘ஸ்கட்டில்’ செய்கின்றன. உடல் தரையோடு தாழ்ந்திருக்க, கால்கள் மட்டும் படபடவென இயங்குவது அதன் அடையாளம்.

‘ஹர்ரி-ஸ்கர்ரி’ என்னும் எதுகைத் தொடரிலிருந்து ‘ஸ்கர்ரி’ பிறந்ததாகச் சொல்வார்கள். தமிழின் ‘அரக்கப்பரக்க’வை நினைத்துக்கொண்டால் இத்தகைய இணைச்சொற்கள் எந்த மனநிலையில் உருவாகின்றன என்பது விளங்கும். வயதில் மூத்த ஒருவரைப் பற்றி ‘ஸ்கர்ரி’ என்று எழுதினால் அது மரியாதைக் குறைவு. ‘அப்பச்சி வங்கிக்கு விரைந்தார்கள்’ என்பதற்கு ‘ஹர்ரி’ பொருந்தும். ‘ஸ்கர்ரி’ என்றால் அவர் எதற்கோ அஞ்சி ஒளிந்து ஓடியதாகப் பொருள்படும்.

பறவைகளின் விரைவுக்கு எந்தச் சொற்கள்?

பருந்து உயரத்திலிருந்து வளைந்து இறங்கி இரையைத் தூக்குவது ‘ஸ்வூப்’. மீன்கொத்தி தலைகீழாக நீரில் பாய்வது ‘டைவ்’. பூனை பதுங்கியிருந்து மேலே விழுவது ‘பவுன்ஸ்’. பதுங்கல் இல்லாவிட்டால் அச்சொல் பொருந்தாது. திருப்பத்தூருக்கு அருகே உள்ள வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் வந்து தங்கும் நாரைகளுக்காக அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பது பலர் அறிந்ததே. ஒரு வெடி வெடித்தால் அக்கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மேலெழுந்து நாலா திசையிலும் பறக்கும். அதை ஆங்கிலத்தில் ‘ஸ்காட்டர்’ என்று சொல்ல வேண்டும், ‘ஸ்வூப்’ என்று சொல்லக் கூடாது.

கட்டுப்பாடின்றிப் பெருவேகத்தில் வந்து விழுவதற்கு ‘ஹர்ட்டில்’ என்னும் சொல் உண்டு. பிரேக் பிடிக்காத லாரிக்கு அது ஏற்றது. தடை தாண்டும் ஓட்டத்தின் ‘ஹர்டில்’ வேறு சொல். ஒலிப்பில் நெருங்கியிருப்பதால் எழுதும்போது எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

‘ஃப்ளீ’, ‘எஸ்கேப்’, ‘எலோப்’: மூன்றும் ‘ஓடிப்போதல்’ தானே?

‘ஃப்ளீ’ செய்பவர் ஆபத்திலிருந்து ஓடுகிறார். பிடிபட்டாரா இல்லையா என்பது அச்சொல்லில் இல்லை. ‘எஸ்கேப்’ என்றால் தப்பித்தேவிட்டார். ‘எலோப்’ என்பது வீட்டாருக்குத் தெரியாமல் மணம் செய்துகொள்ளக் காதலர்கள் வெளியேறுவது. தமிழில் ‘ஓடிப்போய்விட்டாள்’ என்னும் ஒரே தொடர் இம்மூன்றையும் குறிக்கும் என்பதால், தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது குழப்பம் நேரலாம். ‘ஃப்ளீ’ என்பதற்குப் பின் நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ ‘ஃப்ரம்’ இல்லாமல் நேரடியாகவே சேர்க்கலாம்.

‘ஸூம்’, ‘விஸ்’ போன்றவற்றை எழுத்தில் பயன்படுத்தலாமா?

அவை ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்தவை. தமிழின் ‘விர்ரென்று’, ‘சர்ரென்று’ போல. கதையிலும் நட்பான மடலிலும் பயன்படுத்தலாம், அலுவல் கடிதத்தில் வேண்டாம்.

வீட்டிலிருந்து இன்னும் கிளம்பாதபோதே ‘வந்துவிட்டேன்’ என்கிறோம். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

விரைவைக் காட்டத் தமிழ் காலத்தையே மாற்றும். உண்டுகொண்டிருப்பவரை வெளியே ஒருவர் அழைத்தால், அவர் கை கழுவுவதற்கு முன்பே ‘இதோ வந்தேன்’ என்கிறார். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் சொல்ல வேண்டியதை விரைவு கருதி இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. இலக்கணிகள் இதைக் கால வழுவமைதியில் அடக்குவர். ஆகவே பேசுபவர் பொய் சொல்லவில்லை, இலக்கணப்படிதான் பேசுகிறார்.

ஆங்கிலத்தில் இந்த வழுவமைதி இல்லை. தொலைபேசியில் ‘ஐ கேம்’ என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் வாசலைத் திறந்து பார்ப்பார். ‘ஐ ஆம் கமிங்’ என்று நிகழ்காலத் தொடர்வினையில் சொல்ல வேண்டும். இன்னும் விரைவு வேண்டுமானால் ‘ஐ வில் பி ரைட் தேர்’ என்று சொல்லலாம். நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்களிடம் நான் மிகவும் வற்புறுத்தும் திருத்தம் இதுதான். ‘டார்ட்’டையும் ‘டாஷ்’ஷையும் மாற்றிச் சொன்னால் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், வராமலே வந்துவிட்டதாகச் சொன்னால் காத்திருப்பவருக்கு எரிச்சல் வரும்.

‘ஃபாஸ்ட்’ என்பதை வினையாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அப்போது அதன் பொருள் உண்ணாநோன்பு இருத்தல். ‘அவர் பேருந்து நிலையத்துக்கு விரைந்தார்’ என்பதற்கு ‘ஃபாஸ்டட்’ என்று எழுதினால், அவர் பட்டினி கிடந்தார் என்றாகிவிடும். ‘ஃபாஸ்ட்லி’ என்னும் வடிவமும் பொது ஆங்கிலத்தில் இல்லை. ‘ஃபாஸ்ட்’ என்பதே பெயரடையாகவும் வினையடையாகவும் வரும்.

‘ஹேஸன்’, ‘ஸ்பீட்’ எப்போது வரும்?

‘ஹேஸன்’ என்பதில் ‘ட்’ ஒலிப்பதில்லை. அது ஏட்டு வழக்கைச் சேர்ந்தது. பேச்சில் வந்தால் செயற்கையாக இருக்கும். ஒன்றை விரைவுபடுத்துதல் என்னும் பொருளில், பெரும்பாலும் வேண்டாத முடிவுகளைப் பற்றி அது வருகிறது: ஈரம் புகுந்து பழைய வீட்டின் சிதைவை விரைவுபடுத்தியது என்பது போல. ‘ஐ ஹேஸன் டு ஆட்’ என்றால், கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் என்று பொருள்.

‘ஸ்பீட்’ பழைய ஆங்கிலத்தில் செழிப்பையும் வெற்றியையும் குறித்தது. பயணம் புறப்படுபவரிடம் ‘காட்ஸ்பீட்’ என்று சொல்லும் வாழ்த்தில் அப்பொருள் எஞ்சியிருக்கிறது. கடவுள் வேகமாகப் போகச் சொல்கிறார் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இன்று அதன் வினை வடிவம் ஊர்திகளோடும், அனுமதித்த வேகத்தை மீறும் குற்றத்தோடும் சேர்ந்தே அதிகம் வருகிறது.

இச்சொற்களோடு எந்த முன்னிடைச்சொல்லைச் சேர்ப்பது?

இடத்தை நோக்கி ஓடினால் ‘ரஷ் டு’. ஆளைத் தாக்க ஓடினால் ‘ரஷ் அட்’, ‘சார்ஜ் அட்’. ‘டாஷ்’ பெரும்பாலும் ‘அக்ராஸ்’ உடனும், ‘டார்ட்’ பெரும்பாலும் ‘பிட்வீன்’, ‘இன் அண்ட் அவுட்’ ஆகியவற்றுடனும் வரும். ‘போல்ட்’ விட்டு ஓடும் இடத்தைச் சொன்னால் ‘ஃப்ரம்’, சென்றடைய விரும்பும் இடத்தைச் சொன்னால் ‘ஃபார்’. ‘ஸ்வூப்’ பெரும்பாலும் கீழ்நோக்கியது என்பதால் ‘டவுன்’ அல்லது ‘ஆன்’ பெறும்.

இறந்தகால வடிவங்களில் தடுமாற்றம் வருகிறது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலானவை ‘-எட்’ சேர்த்து முடிபவை. ‘ஃப்ளீ’ என்பது ‘ஃப்ளெட்’ ஆகும். பறத்தலுக்குரிய ‘ஃப்ளை’ என்பது ‘ஃப்ளூ’, ‘ஃப்ளோன்’ என்று மாறும். இவ்விரண்டையும் கலந்துவிடுவதே தேர்வுத்தாள்களில் அதிகம் காணும் பிழை. ‘ஸ்பீட்’ விரைந்து சென்றதைக் குறிக்கும்போது ‘ஸ்பெட்’ என்றும், ‘அப்’ சேர்ந்து வேகத்தைக் கூட்டியதைக் குறிக்கும்போது ‘ஸ்பீடட் அப்’ என்றும் எழுதுவது பெருவழக்கு. ‘ஹர்ரி’, ‘ஸ்கர்ரி’ இரண்டிலும் இறுதி ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ எழுத்தாக மாறிய பிறகே ‘-எட்’ சேரும்.